செக்: அரசனிடமிருந்து புறப்பட்ட சொல்

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் வங்கியில் பணியாற்றியவர். ஓய்வுக் காலத்தை அகராதிகளோடு கழித்தவர். வங்கிக்கும் அகராதிக்கும் பொதுவாக ஒரு சொல்லைப் பேசலாம் என்று 'செக்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஆங்கிலம் படிக்காதவரும் நாள்தோறும் புழங்கும் சொல். கடன் கொடுத்தவர் முன்கூட்டியே செக் வாங்கி வைத்துக்கொள்கிறார், பிறகு அது பவுன்ஸ் ஆகிவிட்டது என்கிறார். லாரி செக்போஸ்ட்டில் நிற்கிறது. பஸ்ஸில் செக்கிங் ஏறுகிறார். ஆஸ்பத்திரியில் சுகர் செக் பண்ணுகிறார்கள். ஜவுளிக்கடையில் செக்டு சட்டை எடுக்கிறோம். கட்சிக்குள் ஒருவர் இன்னொருவருக்கு செக் வைத்தார் என்று பத்திரிகை எழுதுகிறது. பணம், காவல், பரிசோதனை, துணி, சூழ்ச்சி என்று திசைக்கொன்றாகப் போகும் இவை அனைத்தும் ஒரே சொல்தான். பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்பதே அதன் வேர்.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து பாரசீகம் போனது. நால்வகைப் படையைக் குறித்த அந்தப் பெயர் அங்கே 'சத்ரங்' ஆயிற்று. அரபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பது ஆட்ட வழக்கம். ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது மொழிகள் இரண்டாகப் பிரிந்தன. ஸ்பானியரும் போர்த்துகீசியரும் அரபியரிடமிருந்து ஆட்டத்தின் பெயரையே வாங்கிக்கொண்டார்கள்: 'அஹெத்ரேஸ்', 'ஷத்ரேஸ்'. நம் 'சதுரங்கம்' அந்தச் சொற்களுக்குள் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன் மொழிகளோ எச்சரிக்கைக் குரலையே ஆட்டத்தின் பெயராக்கிக்கொண்டன. பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றிருந்ததுதான் ஆங்கிலத்தில் 'செக்'. அதன் பன்மை வடிவத்திலிருந்து வந்தது 'செஸ்'. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. 'அரசன் இறந்தான்' என்று அரபி வழியாகச் சிலரும், 'அரசன் செய்வதறியாது நின்றான்' என்று பாரசீக வழியாகச் சிலரும் பொருள் சொல்கிறார்கள். ஆட்டத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை என்பதால் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

செக் சொல்லப்பட்டதும் மற்ற எல்லாத் திட்டமும் நின்றுபோகும். அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். இதிலிருந்தே ஆங்கிலத்தில் 'தடுத்து நிறுத்துதல்' என்ற பொருள் வளர்ந்தது. தடுப்பதிலிருந்து கட்டுப்படுத்துதல், கட்டுப்படுத்துவதற்காகச் சரிபார்த்தல். செக்போஸ்ட்டும் செக்கிங்கும் சுகர் செக்கும் இந்தக் கிளையில் வந்தவை. 'செக் வைத்தார்' என்று நாம் சொல்வதில் சதுரங்கப் பலகை இன்னும் மறையவில்லை.

இன்னொரு கிளை பலகையிலிருந்தே கிளம்பியது. இதைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரியாக இருந்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். கருவூலம் எப்படி இயங்குகிறது என்று 1170களின் இறுதியில் லத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். தேம்ஸ் ஆற்றங்கரைக் கோபுரத்தின் ஜன்னலோரம் ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக அது அமைந்திருக்கிறது. 'எக்ஸ்செக்கர்' என்றால் என்ன என்று மாணவர் கேட்கிறார். ஆசிரியர் ஒரு மேசையைக் காட்டுகிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஈஸ்டர் பருவத்தில் வாங்கிய கறுப்புத் துணி. துணியில் ஓரடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. கோடுகளுக்கு இடையே உள்ள பத்திகளில் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று வரிசையாகச் சில்லுகளை அடுக்குவார்கள். மாவட்டந்தோறும் வரி வசூலித்த ஷெரீஃப் எதிரே வந்து உட்காருவார். அவர் கட்டவேண்டியது ஒரு வரிசை, கட்டியது இன்னொரு வரிசை. மீதி எவ்வளவு என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரோமன் எண்களைக் கொண்டு கூட்டவும் கழிக்கவும் திணறிய காலத்தில் அந்தத் துணிதான் கணக்குப் பொறி. அது சதுரங்கப் பலகையைப் போல இருந்ததால் பலகையின் லத்தீன் பெயரே மேசைக்கும், மேசையைச் சுற்றி உட்கார்ந்த அவைக்கும் வந்தது. ஆசிரியர் இன்னொரு காரணமும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூல அதிகாரியும் ஷெரீஃபும் மோதுகிறார்கள்.

பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்த மேசையின் பெயரைத் தாங்கி 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' எனப்படுகிறார். 1921 முதல் பிரிட்டிஷ் பிரதமர்களின் ஓய்வு மாளிகையாக இருக்கும் 'செக்கர்ஸ்', அந்த நிலத்தை 12ஆம் நூற்றாண்டில் வைத்திருந்த கருவூல அலுவலர் ஒருவரால் அந்தப் பெயர் பெற்றது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

வங்கிச் செக்குக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று சொன்னது பணம் தரும் தாளை அல்ல, கிழித்தபின் தங்கும் அடிக்கட்டையை. தாளில் யாரேனும் தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பிடிக்கலாம். மோசடிக்கு அது தடை. மெல்ல மெல்ல அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே போய்விட்டது. 1820களில் வங்கியியல் பற்றி எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட், மற்றச் செக்குகளோடு குழப்பம் வராதிருக்க எக்ஸ்செக்கரை ஒட்டிய 'cheque' என்ற எழுத்துக்கூட்டலைத் தாம் கையாள்வதாக விளக்கினார். பிரிட்டனும் இந்தியாவும் அப்படியே எழுதுகின்றன. அமெரிக்கா 'check' என்ற பழைய எழுத்துக்கூட்டலை விடவில்லை. நம் நாட்டில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் செக்குக்கு இலக்கணம் வகுத்தது. செக் திரும்பினால் குற்றம் என்ற 138ஆம் பிரிவு 1989 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

துணிக்கு வந்த பெயரும் பலகையின் கட்டத்திலிருந்து வந்ததே. இங்கே நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. பாவிலும் ஊடையிலும் நிறநூலை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கட்டம் விழும். அப்படி நெய்த சோழமண்டலக் கரைத் துணி கடல் கடந்து விற்றது. மேற்கு ஆப்பிரிக்கா வரை போன கைக்குட்டைத் துணிக்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். கட்டம் போட்ட பருத்தித் துணியை அமெரிக்கர்கள் வெறுமனே 'மெட்ராஸ்' என்கிறார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலி 'காயின் பெலிகாட்'. அந்தப் பெலிகாட், நம் பழவேற்காடு. ஆங்கிலேயர் சதுரங்கப் பலகையைப் பார்த்துப் பெயரிட்ட ஒரு வடிவத்தை மலாய்க்காரர் நம் நெசவாளர்களின் சரக்கு ஏறிய துறைமுகத்தைக் கொண்டு அழைக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்வரலாற்றில் மிகவும் மனநிறைவு தரும் இடம் இது.

எச்சரிக்கையாக ஒன்று. தமிழில் எழுதும்போது செக் நாடும் 'செக்' ஆகிவிடுகிறது. அது அம்மக்களின் இனப்பெயர், ஆங்கிலத்துக்குப் போலிஷ் எழுத்துமுறை வழியாக வந்தது. இந்தக் குடும்பத்தில் சேராது. எண்ணெய் ஆட்டும் நம் செக்கும் அப்படியே. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உலகச் சொற்களையெல்லாம் தமிழில் முடிச்சுப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. நம் உண்மையான ஆய்வுகளையும் பிறர் ஐயத்தோடு பார்க்க வைக்கிறது. பழவேற்காட்டைப் போலச் சான்று உள்ள பெருமை நமக்கு ஏராளம் இருக்கிறது.

இவ்வளவு தெளிவாக ஒரு சொல்லின் வழியைச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டில் எந்த ஏட்டில் வந்தது என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குப் பொதுமக்கள் சீட்டுச் சீட்டாக மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலக்கியச் சான்று காட்டிய அரிய பணி அது. ஆனால் 'செக் வைத்தார்' என்று தமிழில் முதலில் எழுதியது எப்போது என்று கேட்டால் பார்ப்பதற்கு ஓர் அகராதி நமக்கு இல்லை.

மாணவச் செல்வங்களே, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வார இதழ், கடன் பத்திரம், திருமணப் பத்திரிகை, கடை ரசீது எதையும் எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டுங்கள். புழக்கத்தில் உள்ள சொல் ஒன்று கண்ணில் பட்டால், அந்த வரியையும் ஆண்டையும் ஏட்டின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி உங்கள் தமிழ்த்துறையில் ஒப்படையுங்கள். நெசவாளரிடமும் கண்டக்டரிடமும் வங்கிக் காசாளரிடமும் அவர்கள் தொழிலில் புழங்கும் சொற்களைக் கேட்டு, கேட்ட தேதியோடு குறித்து வையுங்கள். இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.