ஜீப் கம்பெனியின் கரிக்கணக்கு
(தேவாரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கார் கம்பெனிகள் கரியமில வாயுவைக் குறைப்பதாக வாக்குக் கொடுக்கின்றன. அதைப் பற்றித் தேவாரத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. பொழுது விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் நாம். நம்மை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பெரும்பாலானவை மகிந்திரா கம்பெனி செய்தவை. 2024 கோடையில் இதே இடுக்கி மலையில் வெயிலும் வறட்சியும் ஏலச்செடிகளைக் கருக்கின. செடி கருகினால் தோட்ட முதலாளிக்கு நஷ்டம். நமக்கோ வேலையே போச்சு. இதெல்லாம் ஒரே கம்பெனியால் வந்த வினை என்று நாம் சொல்லவில்லை. உலகத்தின் புகையெல்லாம் சேர்ந்து வானத்தைச் சூடாக்குகிறது. அந்தப் புகையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2018இல் மகிந்திரா குழுமம் உலகறிய ஒரு வாக்குக் கொடுத்தது. வெளிவிடும் கரியும், ஈடுசெய்யும் கரியும் சரிக்குச் சரியாகும் நிலையை 2040க்குள் அடைவோம் என்றது. மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் உள்ள அதன் ஆலை அந்த நிலையை அடைந்துவிட்டதாகச் சான்றும் பெற்றது. மின்சாரத்தை மிச்சம் பிடித்தார்கள், சூரிய சக்தியைப் பயன்படுத்தினார்கள், மரம் நட்டார்கள். நல்லது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் கார் கம்பெனியின் கரி பெரும்பாலும் ஆலைக்குள்ளே இல்லை, தோழர்களே! அது விற்ற வண்டியின் புகைக்குழாயில் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதை எரித்தால் வரும் கரியமில வாயுவோ ஏறக்குறைய 2.7 கிலோ. கணக்குப் பிசகல்ல, டீசலில் உள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் எடை கூடுகிறது. வண்டி ஆலை வாசலைத் தாண்டிய பிறகு பத்து, பதினைந்து வருஷம் இப்படி எரித்துக்கொண்டே ஓடுகிறது. ஆலையை மட்டும் சுத்தமாக்கி விழாக் கொண்டாடுவது, திண்ணையைக் கூட்டிவிட்டு வீடே சுத்தமென்பது போலத்தான்.

ரோட்டுப் புகைக்கும் கம்பெனி ஒரு குறி வைத்திருக்கிறது. விற்கும் வண்டி ஒன்றுக்கு, 2018ஐ விட 30 சதவீதம், 2033க்குள் குறைப்போம் என்கிறது. 'வண்டி ஒன்றுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 100 ஜீப் விற்ற காலத்தில் ஜீப்புக்குப் பத்து மூட்டை கரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 மூட்டை. 30 சதவீதம் குறைத்தால் ஜீப்புக்கு ஏழு மூட்டை. விற்பனை 150 ஜீப்பாக ஏறினால்? 1,050 மூட்டை! வாக்கும் நிறைவேறிற்று, கரியும் கூடிற்று. வானத்துக்கு மொத்தக் கணக்குத்தான் தெரியும். சராசரிக் கணக்கு தெரியாது.

இனி சர்க்காரின் சட்டத்தைப் பார்ப்போம். 2022-23 முதல், ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கிலோமீட்டருக்கு 113 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதிலும் சலுகைகள். கனமான வண்டி விற்கும் கம்பெனிக்கு வரம்பு கொஞ்சம் தளர்த்தப்படும். ஒரு மின்சாரக் கார் விற்றால் மூன்று கார் விற்றதாகக் கணக்கு! இத்தனைக்குப் பிறகும், எட்டுக் கம்பெனிகள் அந்த ஆண்டு வரம்பை மீறியதாகவும், அபராதம் சுமார் 7,300 கோடி ரூபாய் வரை வரலாமென்றும் 2024 நவம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. ஹூண்டாய்க்கு 2,800 கோடிக்கு மேல். மகிந்திராவுக்கு 1,788 கோடி. அதே நவம்பரில்தான் மகிந்திரா சென்னையில் தன் புதிய மின்சாரக் கார்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் ஆரம்ப விலை 18 லட்சத்து 90 ஆயிரம். ஏலக்காய் எடுக்கும் கூலிக்காரர் எத்தனை ஜன்மம் சேர்த்தால் வாங்கலாம்?

அபராத விஷயத்தில் கம்பெனிகள் தரப்பின் வாதம் என்ன? கடும் அபராதச் சட்டம் 2023 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது, முழு ஆண்டுக்கும் கேட்பது அநியாயம் என்பது. வாதாடட்டும், வக்கீல் வைக்க அவர்களிடம் வசதி இருக்கிறது. நம் ஜீப் டிரைவருக்கு என்ன வசதி? புகைச் சான்று இல்லையென்றால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அவர் செக்போஸ்டில் நின்று, எந்தத் தேதியிலிருந்து சட்டம் அமல் என்று வாதாட முடியுமா? கடன் வாங்கிப் பழைய வண்டி ஓட்டுகிற அந்த மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். புகையில்லாத வண்டி அவர் வாங்கும் விலையில் வந்தால் வேண்டாமென்றா சொல்வார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கம்பெனிகள், ஆலையிலும் ரோட்டிலும் சேர்ந்த மொத்தக் கரியை வருஷாவருஷம் ஒரே எண்ணாகப் போட்டு, தமிழிலும் அச்சிட்டு வெளியிட வேண்டும். மின்சாரக் காரை மூன்றாக எண்ணும் சலுகையைச் சர்க்கார் நீக்க வேண்டும். வரம்பு மீறியவர்களிடம் அபராதத்தை வசூலித்து, அந்தப் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிட வேண்டும். ஒரு ஜீப்பில் ஆட்டுமந்தைபோல் அடைத்துக்கொண்டு வளைவு வளைவாய் உயிரைப் பிடித்துப் போகிற நம் பெண்களுக்கு, விடிகாலையில் மலைக்கும், மாலையில் ஊருக்கும் பஸ் வேண்டும். தமிழக, கேரள சர்க்கார்கள் இரண்டும் கூடிப் பேசி விட வேண்டிய பஸ் அது. மனு மேடைக்கருகே மேஜையில் இருக்கிறது. உங்கள் பெயரோடு, எந்த மெட்டு வழியாக, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.