கல்லில் ஆடுகிறவளும் கணக்கில் வராதவளும்

(திருவண்ணாமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

கோயில் சிற்பத்தைப் பத்திப் பேச நமக்கு என்ன இருக்கு என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோயில் அவங்களது, சிற்பம் அவங்களது, அதை ரசிக்கக் கத்துக்கொடுக்கிற அழகியலும் அவங்களது. நாம பேச வேண்டியது நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை. ஆனால் அந்தச் சுவருக்குள்ளேயும் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, யார் எங்கே குடியிருக்கலாம் என்கிற உத்தரவு இருக்கிறது. அதைக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

அண்ணாமலையார் கோயில் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்தது. அடித்தளம் கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். பௌர்ணமிக்கு வருகிற ஜனம் உச்சியை அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே நடந்துவிடுகிறது. வாசலுக்குள் நுழைந்ததும் கொஞ்சம் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் பெண்கள். அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவை கரணங்கள். கையும் காலும் உடம்பும் ஒன்றாக இயங்கும் ஆடல் அசைவுக்குக் கரணம் என்று பெயர். நாட்டிய சாஸ்திரம் 108 கரணம் சொல்கிறது. அந்த வரிசையைக் கல்லில் வடித்த கோயில்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம்தான்: தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி, விருத்தாசலம், திருவண்ணாமலை. தஞ்சையில் ஆடுகிறவன் சிவன். நாலு கையோடு, கருவறைக்கு மேலே இருக்கிற சுற்றில் ஆடுகிறான். 81 கரணம் முடிந்து, மிச்சக் கல் செதுக்கப்படாமலே நிற்கிறது. சிதம்பரத்துக்கும் நம்ம ஊருக்கும் வரும்போது ஆடுகிறவள் ரெண்டு கை உள்ள மனுஷி. அவளுக்குக் கிடைத்த இடம் கோபுர வாசல். சாமிக்குக் கருவறைப் பக்கம், மனுஷிக்கு வாசல்படி. இந்த இட ஒதுக்கீட்டை முதலில் கவனியுங்கள்.

இவளைப் பற்றி ரெண்டு பேச்சு தயாராக இருக்கிறது. ஒன்று, 'பாருங்கள், அந்தக் காலத்தில் பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு, சாமிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்' என்கிற புராதனப் பெருமைப் பேச்சு. இன்னொன்று நம்ம பக்கத்திலேயே உண்டு: 'எல்லாம் ராஜாக்களோட காமம், ஆபாசம், பார்க்கவே கூடாது.' ரெண்டு பேரும் பார்ப்பது அவள் மார்பைத்தான். ஒருவர் கும்பிட்டுக்கொண்டு பார்க்கிறார், ஒருவர் திட்டிக்கொண்டு பார்க்கிறார். கவிதை எழுதுகிற நாங்களும் சளைத்தவர்கள் இல்லை, 'கல்லில் வடித்த கவிதை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

அவள் காலைப் பாருங்கள் தோழர்களே. முட்டி மடிந்து, பாதம் அழுந்தி, உடம்பின் பாரம் முழுக்க அதில் இறங்கியிருக்கிறது. அது வேலை செய்கிற கால். எங்க அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். சாந்துச் சட்டியோடு சாரம் ஏறும்போது அவர் முட்டியும் இப்படித்தான் மடியும். ஆட்டம் என்பது உழைப்பு. உழைப்பு என்றால் கூலி இருக்க வேண்டும், கூலி என்றால் கணக்கு இருக்க வேண்டும். நான் வங்கியில் குமாஸ்தா, பேரேட்டோடு மல்லுக்கட்டுகிறவன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் யார் பெயரில் வரவு, யார் பெயரில் பற்று என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

கல்லில் ஆடுகிறவளுக்குப் பெயர் இல்லை. ஆனால் கோயிலில் வேலை பார்த்த பெண்களின் கணக்கு தஞ்சையில் கிடைக்கிறது. 1014 வாக்கில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு அது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்த ஊர்க் கோயிலில் இருந்து கொண்டுவரப்பட்டவர், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. நக்கன் சேரமங்கை என்று ஒரு பெயர். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருமானம், 100 கலம் நெல். செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவுமுறையாருக்குப் பங்கு போகும், அவர் வேலை செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். அப்பா செத்து, வாரிசு வேலைக்கு வருஷக்கணக்கில் மனு போட்டுக்கொண்டு இருக்கிற பையன்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த 400 பெண்களும் 20ஆம் நூற்றாண்டில் நாம் கேள்விப்பட்ட தேவதாசிகளும் ஒன்று கிடையாது. நடுவிலே 900 வருஷம் ஓடியிருக்கிறது. சோழர் காலத்திலேயே கோயிலுக்கு ஆட்களை விற்ற ஆவணங்களும் உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் இருக்கிறவளுக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் நெல்லும் எழுதப்பட்டன. அதை மறுக்க வேண்டியதில்லை.

இப்போது அதே தஞ்சைக் கோயிலின் இன்னொரு கல்வெட்டுக்கு வாங்க. அதே ராஜா. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல். ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி. ஆமாம் தோழர்களே, தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உளியால் வெட்டின சொல். 'தீண்டாமையை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான்' என்று யாராவது சொன்னால் தஞ்சாவூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்.

ஆடினவளுக்கு வீட்டு இலக்கம் உண்டு. சேரிக்காரிக்குப் பெயரே இல்லை. சுடுகாட்டோடும் குளத்தோடும் சேர்த்துக் கழிக்கப்பட்ட ஒரு சொல்தான் அவள். அந்த 100 கலம் நெல்லுக்கு நாற்று நட்டது யார்? களை பறித்தது யார்? அறுத்துக் கட்டிக் களத்துக்குத் தூக்கினது யார்? கணக்கு வழக்கில் இதை என்ன சொல்வது? நெல் வரவாகிறது, நெல்லை விளைவித்தவள் கழிவாகிறாள்.

சிதம்பரத்துக் கரணச் சிற்பங்களில் ஆடுகிறவளுக்கு ரெண்டு பக்கமும் வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். மேளத்துக்குத் தோல் வேண்டும். மாட்டைத் தொட்டால் தீட்டு, மிருதங்கத்தைத் தொட்டால் கலை. இன்றைக்கும் தோலை வாங்கிப் பதம்பார்த்து மிருதங்கம் செய்கிறவர்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. தோல் சன்னிதி வரை போனது. தோலைப் பதப்படுத்தின கை வெளியே நின்றது.

சென்னை மாகாணத்தில் 1947இல் ரெண்டு சட்டம் வந்தது. ஒன்று ஆலயப் பிரவேசச் சட்டம், இன்னொன்று தேவதாசி ஒழிப்புச் சட்டம். ஒரு பெண்ணுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டார்கள், இன்னொரு பெண்ணைக் கோயிலில் இருந்து விடுதலை செய்தார்கள். இரண்டாவது சட்டத்துக்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பும், அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்து 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவல் எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் கோபமும் இருந்தன. அதே 1930களில் சதிர் என்ற பெயர் மாறிப் பரதநாட்டியம் ஆனது. ஆட்டம் சபாவுக்குப் போனது. ஆடின குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த மேடையில் இல்லாமல் போயின.

சரி, பொட்டுக்கட்டுவது ஒழிந்துவிட்டதா? திருவள்ளூர், வேலூர்ப் பக்கமும் ஆந்திராவில் சித்தூர்ப் பக்கமும் அருந்ததியர் வீட்டுப் பெண்பிள்ளைகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுகிற வழக்கம் பற்றி 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் ரெண்டு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. காய்ச்சலில் கிடந்த குழந்தை பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்கிறார்கள். மருத்துவமனை இருக்க வேண்டிய இடத்தில் நேர்த்திக்கடன் இருக்கிறது. நக்கன் சேரமங்கைக்கு இருந்த பங்கு இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. சிற்பத்தின் அழகைப் பேசுகிற ஆய்வாளர்கள் இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு பத்தி எழுதட்டும்.

கதவு திறந்ததா என்பதையும் பார்ப்போம். தென்முடியனூர் நம்ம மாவட்டம்தான். அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயில். 2023 ஜனவரி 30ஆம் தேதி, கலெக்டரும் எஸ்.பி.யும் போலீஸ் பட்டாளமும் கூட நிற்க, ஏறக்குறைய 80 வருஷம் தடுக்கப்பட்டிருந்த நம் மக்கள் உள்ளே போனார்கள். சட்டம் 1947இல் எழுதிக் கொடுத்த பாக்கி, 76 வருஷம் கழித்துப் போலீஸ் காவலோடு வசூலாகிறது. எங்கள் வங்கியில் இதற்கு வாராக்கடன் என்று பெயர்.

அப்படியென்றால் அந்தச் சுவரை என்ன செய்வது? இடிக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லை உடைத்து, இழுத்து, ஏற்றினது உழைக்கிற சனம். நம்ம பாட்டன் பூட்டிகளின் வியர்வையை நாமே ஏன் இடிக்க வேண்டும்? கும்பிடவும் சொல்ல மாட்டேன். படிக்கச் சொல்கிறேன்.

இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இலேயே நூலாகக் கொண்டுவந்துவிட்டது. வரலாறு படிக்கிற மாணவர்கள் அதை எடுங்கள். ராஜா பேரைக் குறிக்கிறதுக்கு முன்னால் சேரி, அடிமை, கூலி, நெல் என்ற சொற்கள் வருகிற இடங்களைத் தனியாக ஒரு நோட்டில் குறியுங்கள். பெண் பெயர் வந்தால் வரியோடு குறியுங்கள். வடக்குக் கோபுரத்தை வீடு வீடாகப் பிரித்த காசில் கட்டினவர் அம்மணி அம்மாள் என்பது ஊர் வழக்கு. கட்டச் சொன்னவள் பெயர் நின்றுவிட்டது. சட்டி சுமந்தவள் பெயரைத் தேடுகிற வேலை நம்முடையது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆவதற்கான பயிற்சிப் பள்ளி ஒன்று 2007இல் இந்த ஊரில் இயங்கியது. படித்து முடித்தவர்கள் வேலைக்காகப் பல வருஷம் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு நியமனம் வந்தது. 2023இல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கத்தில் பயிற்சி முடித்தார்கள். நமக்குக் கடவுள் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், அதை வைத்துக்கொள்வோம். கல்லாக இருக்கிற வரைக்கும் பெண் கோபுரத்துக்குள் நிற்கலாம், சதையும் ரத்தமுமாக வந்து பூசை செய்ய வந்தால் ஆகமம் குறுக்கே வரும் என்றால், அது உரிமைப் பிரச்சினை. அங்கே நாம் நிற்கத்தான் வேண்டும்.

கல்வெட்டு படிக்கப் பழக விரும்புகிற மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெண்கள் முதலில் எழுதுங்கள்.

ஜெய் பீம்.