மருத்துவரின் கணக்கும் நமது அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பைத்துல்மாலை நாடி வரும் மனுக்களுள் மருத்துவ உதவி கோரும் மனுக்கள் நம் மனத்தை மிகவும் வருத்துபவை. தேனியிலோ மதுரையிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். நிலம் ஒற்றிக்குப் போயிருக்கும். எஞ்சிய தொகைக்காக அக்குடும்பத்தார் நம் வாசலுக்கு வருகின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எவ்வளவு குறைகிறது என்பது ஒன்று. அந்தத் தொகை எவ்வாறு வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ஏனெனில் நாம் கொடுப்பது ஏழைகளின் உரிமையான ஜகாத்தும் ஸதகாவும் ஆகும். அது நம் கையில் உள்ள அமானிதம்.

நம் பள்ளத்தாக்கின் விவசாயிக்குக் கமிஷன் என்பது புதிய சொல் அன்று. வாழைத்தாரையோ திராட்சையையோ மண்டிக்கு அனுப்பினால் இறங்கு கூலி இவ்வளவு, கமிஷன் இவ்வளவு என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். கூடுதல் என்று தோன்றினால் அடுத்த முறை வேறு மண்டிக்குப் போகலாம். எழுதப்பட்ட கமிஷனால் எவரும் ஏமாறுவதில்லை. எழுதப்படாததே ஏமாற்றுகிறது. மருந்து நிறுவனம் மருத்துவருக்குத் தரும் பரிசும், பரிசோதனை நிலையம் தரும் பங்கும் நோயாளியின் சீட்டில் எழுதப்படுவதில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்துப்படக் கேட்டார்கள். பொறுப்பின் காரணமாக வரும் பரிசு வெறும் பரிசாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

நம் நாட்டின் விதியும் இதையே கூறுகிறது. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், ரொக்கம் ஆகியவற்றை மருத்துவர்கள் பெறலாகாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் தன் நன்னடத்தை விதிகளைத் திருத்தியது. நோயாளியை அனுப்பியதற்காகப் பங்கு பெறுவதை 2002ஆம் ஆண்டு விதிகளே தடுத்திருந்தன.

இவ்விதிக்கு உரைகல்லாக அமைந்தது நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், சிங்கோவிட் என்னும் தன் சத்து மருந்தின் விற்பனைக்காக மருத்துவர்களுக்குப் பரிசுகள் வழங்கியது. தங்க நாணயம், தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி முதலியன அவற்றுள் அடங்கும். அச்செலவைத் தொழிற்செலவாகக் கருதி வருமான வரியில் கழிக்குமாறு அது கோரியது. கணக்கில் காட்டிய தொகை 4.72 கோடி ரூபாய்க்கும் மேல். 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. வாங்குபவருக்குத் தடுக்கப்பட்டதைக் கொடுப்பவர் நியாயமான செலவாகக் காட்ட முடியாது என்பதும், இலவசம் என்று பெயர் பெற்ற இப்பரிசுகளின் விலை இறுதியில் மருந்தின் விலையோடு நோயாளியின் தலையில் விழுகிறது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் தீர்ப்பைப் படித்தால் நிறுவனம் செலவழித்தது தெரிகிறதே அன்றி, நம் மருத்துவர் பெற்றாரா இல்லையா என்பது தெரிவதில்லை. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மருந்து விற்பனைக்கான புதிய நடத்தைக் கோவையை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மாநாட்டின் பெயரால் 30 மருத்துவர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவிற்கும் அழைத்துச் சென்றதற்காக அப்வி என்னும் நிறுவனத்தை மருந்துத் துறை கண்டித்தது. இருப்பினும், ஒரு மருத்துவரின் பெயரைக் கொண்டு அவர் எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார் என்று பொதுமக்கள் பார்த்தறியும் ஏடு நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் அத்தகைய ஏடு உண்டு. 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் தொகைகள் 2014 செப்டம்பர் முதல் அரசின் இணையதளத்தில் பெயர்வாரியாக வெளியிடப்படுகின்றன. அதே ஆண்டு ஏப்ரலில், மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டில் எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற விவரமும் வெளியாயிற்று. 8,80,000க்கும் மேற்பட்டோரின் கணக்கு அதில் இருந்தது. பின்னர் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிறுவனங்கள் தந்த தொகைகளின் கணக்கை மெடிகேர் திட்டத்தின் மருந்துச் சீட்டுக் கணக்குடன் ஒப்பிட்டது. 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு வேளை உணவைப் பெற்ற மருத்துவர்களும், அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த மருந்தைப் பிறரைவிட அதிகமாக எழுதியது அதில் தெரிய வந்தது. உணவே காரணம் என்று அவ்வாய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றே கூறியது.

அன்பர்களே! இவ்விடத்தில் நிதானம் தேவை. மெடிகேர் பட்டியலில் முதலிடம் பெற்றவர் புளோரிடாவின் கண் மருத்துவர் சாலமன் மெல்ஜன். ஓராண்டில் அவர் பெற்றது 2 கோடி டாலருக்கும் மேல். அவர் மோசடிக் குற்றவாளி என 2017இல் தீர்ப்பளிக்கப்பட்டு, 2018இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அத்தண்டனை 2021இல் குறைக்கப்பட்டது. ஆயினும் பட்டியலில் மேலே இருந்தோர் அனைவரும் மோசடிக்காரர் அல்லர். விலை மிகுந்த ஊசி மருந்தைத் தாமே வாங்கிச் செலுத்தும் மருத்துவரின் கணக்கில் அம்மருந்தின் விலையும் சேர்ந்தே தெரியும். பலர் செய்த பணி ஒருவர் பெயரில் பதிவாவதும் உண்டு. கைராசிக்காரர் என்று பெயர் பெற்றவரிடம் கூட்டம் அதிகம்; கூட்டம் அதிகமானால் தொகையும் அதிகம். முற்றிய நோயாளிகளை ஏற்றுக்கொள்பவரின் செலவும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே தொகை நமக்குக் கேள்வியைத் தருமே அன்றித் தீர்ப்பைத் தராது. உறுதி செய்யாத செய்தியைப் பரப்புவதையும், தீய எண்ணத்தையும் சூரத்துல் ஹுஜுராத் கண்டிக்கிறது. இரவும் பகலும் உழைக்கும் நேர்மையான மருத்துவர் மீது தேநீர்க் கடையில் சேறு வாரி இறைப்பது அப்பாவத்தில் அடங்கும்.

பொது ஏடு இல்லாத நிலையில் நம்மால் இயன்றது என்ன? நம் கையில் உள்ள பில்லே நமது ஏடு. 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், நோயாளிகளின் குடும்பத்தார் அளித்த புகார்களின் பேரில் தில்லி வட்டாரத்தின் 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருட்களில் லாபம் 1,737 விழுக்காடு வரை இருந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காமலேயே இது நடந்தது. அச்சிட்ட விலை உயர்வாகவும், மருத்துவமனை கொள்முதல் செய்த விலை மிகத் தாழ்வாகவும் இருந்தமையே காரணம். சில குடும்பங்கள் பில்லைப் பத்திரப்படுத்திப் புகார் செய்ததால் இவ்வுண்மை நாட்டுக்குத் தெரிந்தது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அவ்வழியில் ஜமாஅத்தார்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவதாக, மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைப்பதும் மருத்துவரின் கடமையே.

இரண்டாவதாக, அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும், மாற்று வழி உண்டா, மொத்தச் செலவு எவ்வளவு என்று மரியாதையுடன் கேளுங்கள். க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறொரு மருத்துவரிடமோ இரண்டாவது கருத்தைப் பெறுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சைக்கு நிர்ணயித்துள்ள தொகையையும் கேட்டறியுங்கள். தனியார் கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பே. பல மடங்கு கூடுதல் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, மருந்து, அறை வாடகை, பரிசோதனை, மருத்துவர் கட்டணம் என்று பிரித்து எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. மருந்தின் மூலப்பெயரைக் கேட்டறிந்து மக்கள் மருந்தகத்தில் அதன் விலையை விசாரியுங்கள். மருந்தை மாற்றுவதாயின் மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்றுங்கள்.

நான்காவதாக, பைத்துல்மாலுக்கு வரும் மருத்துவ மனுவுடன் பிரித்து எழுதிய பில்லின் நகலை இணைக்குமாறு நிர்வாகக் குழு கோரலாம். நோயாளியின் பெயரை நீக்கி, என்ன சிகிச்சை, எந்த ஊர், முதலில் சொன்ன தொகை, இறுதியில் வாங்கிய தொகை ஆகிய நான்கையும் ஒரு பேரேட்டில் எழுதி வரலாம். பத்து வரிகளைக் கொண்டு எந்த மருத்துவரையும் குற்றம் சாட்ட இயலாது, சாட்டவும் கூடாது. ஆனால் அடுத்து வரும் ஏழைக் குடும்பம் என்ன கேட்க வேண்டும் என்பதை அப்பேரேடு கற்றுத்தரும். பில் இல்லை என்பதற்காக உயிர் காக்கும் உதவியை ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உண்மையிலேயே அநீதி நேர்ந்ததென்றால், உரிய ஆதாரத்துடன் மருத்துவக் கவுன்சிலையோ தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துள்ளது.

மருத்துவரை மதிப்போம், கணக்கைக் கேட்போம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நேர்மையான மருத்துவர் கணக்குக் கேட்பதால் வருந்த மாட்டார். அவருடைய நேர்மை துலங்க அது வழியாகவே அமையும்.

நோயுற்றோருக்கு வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை முறைப்படி நிறைவேற்ற நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.