காய்ச்சலும் குருதியின் வெண்குழியங்களும்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பெற்றோரின் கைக்கு இன்று ஒரு குருதிச் சோதனைத் தாள் வந்து சேருகிறது. அதில் வெண்குழியங்கள் 16,000 என்றிருப்பின் வீடே கலங்குகிறது. 4,000 என்றிருப்பின் நிம்மதி பிறக்கிறது. இவ்விரண்டும் பிழையாகலாம்.

வெண்குழியங்கள் உடலின் காவலர். 1882ஆம் ஆண்டில், இத்தாலியின் மெசீனா நகரில், மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர் நட்சத்திரமீனின் குடம்பியொன்றில் சிறு முள்ளைச் செருகினார். மறுநாட் காலை, நடமாடும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். நம் உடலினுள் கிருமி புகுந்தாலும் நிகழ்வது இதுவே. என்பு மச்சை மேலும் காவலரை அனுப்புகிறது, எண்ணிக்கை உயர்கிறது.

வளர்ந்தோரின் குருதியில், ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள் இருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 17,000 வரை இயல்பே. பிறந்த சிசுவுக்கு 30,000 வரையும் இருக்கலாம். ஆதலால், வளர்ந்தோரின் அளவுகோலாற் குழந்தையை அளத்தல் தகாது. நெடுநேரம் வீறிட்டழுவதாலும், சில மருந்துகளாலும்கூட இத்தொகை ஏறுவதுண்டு.

பற்றீரியா நோய்களில் இத்தொகை பெரும்பாலும் உயரும். வைரசு நோய்கள் பலவற்றில் உயராது. ஆயினும் இது மாறா விதியன்று. தெருவிற் காவலர் திரண்டால், ஏதோ நிகழ்ந்ததென்று அறியலாம். கள்வன் யாரென்று அறிய முடியாது. வைத்தியர் குழந்தையையும் பார்த்தே முடிவு செய்கிறார்.

குறைந்த தொகையும் எச்சரிக்கையாகலாம். நம் நாட்டிற் பரவும் டெங்குக் காய்ச்சலில் முதலில் வெண்குழியங்களும், பின்னர் குருதிச் சிறுதட்டுக்களும் குறைகின்றன. காய்ச்சல் தணியும் வேளையே சில குழந்தைகளுக்கு ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து உறங்குதல், குருதி கசிதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அஸ்பிரின், இபுபுரோபன் ஆகியவற்றைக் கொடுத்தலாகாது. பரசிற்றமோலையும் குழந்தையின் நிறைக்கேற்ற அளவிலேயே கொடுத்தல் வேண்டும்.

மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு வெப்பநிலை 38 பாகை செல்சியசை எட்டினால், சோதனைத் தாளுக்குக் காத்திருத்தல் கூடாது. அப்பொழுதே வைத்தியரிடம் கொண்டு செல்லுக.

தாளிலுள்ள இலக்கம் வைத்தியருக்குத் துணை. குழந்தை பால் குடிக்கிறதா, விளையாடுகிறதா, அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்பதை இரவும் பகலும் அருகிருந்து காண்பவள் தாய். அவள் கூறும் செய்தியும் அவருக்கு அத்துணை இன்றியமையாதது.