குகை வாயிலில் ஒரு பாடம்



திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் கோயிலை வணங்கிய பின், சுவாமி மலையின் ஓரத்தில் நின்று, இராவணன் வெட்டு என வழங்கும் பாறைப் பிளவை எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. இராவணனுடைய வாள் மலையைப் பிளந்த வடு அது என்பது நம் முன்னோர் சொல்லும் கதை. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழும்: “சேர், உள்ளே எவ்வளவு தூரம் போகலாம்?”

அந்தப் பிளவினுள் எவரையும் இறக்க முடியாது. கீழே கடல் மோதிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அந்தக் கேள்வியை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. துறைமுகப் பட்டினத்து அரசினர் பாடசாலையொன்றின் அதிபர் நான். எங்கள் வரலாற்றுக் கழகத்து மாணவர்களுடன் குகைகளைக் காணச் சென்ற பயணங்களைப் பற்றியும், அவை எனக்குக் கற்பித்ததைப் பற்றியும் இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

குகை என்றதும் மலையைக் குடைந்து செல்லும் நீண்ட சுரங்கமே பலர் மனத்தில் தோன்றும். நம் நாட்டில் அத்தகைய குகைகள் மிகச் சில. இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைமையான, கடினமான பாறையால் ஆனது. அதனை மழைநீர் எளிதிற் கரைப்பதில்லை. பாறை வெடித்த இடத்திலும், பெரும் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இடத்திலும், அடிப்பாகம் உதிர்ந்து மேற்பாகம் கூரைபோல் நின்ற இடத்திலுமே நம் குகைகள் அமைந்துள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. அங்குள்ளது சுண்ணாம்புக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு இறங்கும் மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து நிலத்தடியில் அறைகளை உண்டாக்குகிறது. நிலாவரைக் கிணறு அவ்வாறு உண்டான குழிவுதான். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும் அந்தக் கிணற்றைக் கரையில் நின்று பார்க்கலாமேயன்றி, மாணவர் இறங்கும் இடமன்று.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் மிகிந்தலை. திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் செல்லும் பெருவீதியில், அநுராதபுரத்திற்குச் சுமார் எட்டு மைல் கிழக்கே உள்ளது. அங்கே கண்டக சேதியத்தை அடுத்த மலைச்சரிவில் 68 குகைகள் இருந்தன என்பது மரபு. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் பௌத்த பிக்குகள் மழைக்காலத்தில் தங்குவதற்காக அவை செப்பனிடப்பட்டன.

அக்குகைகளின் வாயிலில் ஒரு சிறு நுட்பம் உண்டு. நிமிர்ந்து பாராதவர் கண்ணில் அது படாது. கூரைப் பாறையின் நெற்றியில் ஒரு நீண்ட காடி வெட்டப்பட்டிருக்கும். அது எதற்கு? புறப்படுவதற்கு முதல் வாரம் வகுப்பறையில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் நீர் ஊற்றச் சொன்னேன். நீர் விளிம்பில் விழாமல் வளைவைப் பற்றிக்கொண்டே உட்புறம் ஓடிற்று. பின்னர் விளிம்பை ஒட்டிக் களிமண்ணால் ஒரு வரம்பு கட்டி மீண்டும் ஊற்றினோம். வரம்பைக் கடக்க மாட்டாமல் நீர் சொட்டுச் சொட்டாக நேரே கீழே விழுந்தது. மாணவர் கைதட்டினர். அந்த ஒரு காடியினால், மழையில் நனையும் பாறை, மனிதன் உறங்கும் வீடாகிவிடுகிறது. அதன் அருகேதான் குகையை அளித்தவரின் பெயரைப் பிராமி எழுத்தில் பொறித்தார்கள். “இன்னாருடைய குகை, நாற்றிசையிலிருந்தும் வந்த, இன்னும் வரவிருக்கும் சங்கத்தார்க்கு” என்பது அவற்றின் வழக்கமான வாசகம். இத்தகைய தொன்மையான பிராமிக் கல்வெட்டுகள் இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. பேராசிரியர் பரணவிதான அவற்றைத் தொகுத்து 1970 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

எங்கள் முதற்பயணம் 2018 ஆம் ஆண்டு மாசி மாதம், மழை ஓய்ந்த பின் நிகழ்ந்தது. முப்பத்தொரு மாணவர், மூன்று ஆசிரியர். அன்று நடந்த தவறு என்னுடையது. அதனை மறைக்காமற் சொல்வதே முறை.

நான் ஒரு குகை வாயிலில் நின்று எழுத்துகளை விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கும் உற்சாகத்தில் பிள்ளைகளை எண்ண மறந்தேன். மதிய உணவுப் பொதிகளைக் கொடுத்தபோது ஒரு பொதி மிஞ்சிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். சிறிது நேரத்தின் பின், இரண்டு பெரும் பாறைகளுக்கிடையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று தவழ்ந்து சென்றிருக்கிறான். ரோச் விளக்கு கைநழுவி விழுந்துவிட்டது. இருளில் திரும்ப இடமில்லை. சட்டை கல்லில் மாட்டிக்கொண்டது. பதற்றத்தில் நெஞ்சு விம்ம, இறுக்கமும் மிகுந்தது. என் சக ஆசிரியர் ஒருவர் நிலத்திற் படுத்து, அவனுடன் பேசிக்கொண்டேயிருந்தார். “தம்பி, முன்னுக்குத் தள்ளாதே. மூச்சை மெல்ல விடு. விட்டபடியே பின்னுக்கு வா.” அரை மணி நேரம் சென்றது. முழங்கையிற் சிறு சிராய்ப்புடன் வெளியே வந்தான்.

மறுநாள் அவனுடைய தாயார் பாடசாலைக்கு வந்தார். கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. “சேர், 2006 இல் இவன் கைக்குழந்தை. பதுங்குகுழிக்குள் மடியில் வைத்துக் காப்பாற்றின பிள்ளை” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச்சு எழவில்லை.

நேயர்களே, எங்கள் தலைமுறை நிலத்தின் கீழ் இறங்கியது அச்சத்தினால். அந்த அனுபவமுள்ள பெற்றாரிடம், உங்கள் பிள்ளையை ஆசையினால் இருளுக்குள் அழைத்துச் செல்கிறேன் என்று சொல்வது எளிய காரியமன்று. பயணத்தை அத்துடன் நிறுத்திவிடுவதே நல்லது என்று எண்ணியிருந்தேன்.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் தாய்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். ஜூன் 23 ஆம் தேதி தாம் லுவாங் என்ற குகைக்குட் சென்ற பன்னிரண்டு சிறுவரும் அவர்களுடைய உதைபந்தாட்டப் பயிற்றுநரும் திடீர் வெள்ளத்தால் உள்ளே அடைபட்டனர். ஜூலை 2 ஆம் தேதி பிரித்தானியச் சுழியோடிகள் இருவர் அவர்களை உயிருடன் கண்டனர். 8 முதல் 10 வரையான மூன்று நாள்களில் அனைவரும் மீட்கப்பட்டனர். ஆனால் அதற்குமுன், 6 ஆம் தேதி, உள்ளே காற்றுக் கலங்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குணன் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்தார். எங்கள் பிள்ளைகள் அந்நாள்களில் காலைதோறும் அந்தச் செய்தியைத்தான் கேட்டார்கள். எங்கள் சிறுவனும் கேட்டான்.

அவர்கள் பிழைத்தது எவ்வாறு என்று வகுப்பில் ஆராய்ந்தோம். வெள்ளம் எட்டாத மேட்டில் ஏறி அமர்ந்தார்கள், பிரிந்து அலையவில்லை, பாறையிற் கசிந்த நீரைக் குடித்தார்கள், பயிற்றுநர் சொற்படி தியானத்தில் அமர்ந்து மனத்தை அடக்கினார்கள். உள்ளே செல்ல வேண்டியது கால்களின் வேலை. உயிருடன் வெளிவருவது பொறுமையின் வேலை என்பதை எங்கள் மாணவர் தாமே கண்டார்கள். பின்னர் கழகத்துக்கு விதிகளையும் அவர்களே எழுதினார்கள். மழை மேகம் கண்டால் பயணம் இல்லை. ஆளுக்கு மூன்று விளக்குகள். ஒன்று பழுதானால் உடனே வெளியேறுதல். நால்வருக்குக் குறைந்து எவரும் உள்ளே செல்லலாகாது. ஒருவர் காயமுற்றால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடிச் செல்வர். திரும்பும் நேரம் வெளியில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வௌவாலையும் குளவிக்கூட்டையும் கலைத்தல் ஆகாது. கல்வெட்டின்மேல் வெண்கட்டி பூசுவதும் பெயர் கீறுவதும் கூடா. அவை 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் காவலில் உள்ளவை. விகாரைக்கு உட்பட்ட இடமாயின், அங்குள்ள தேரரின் அனுமதியின்றி அடி வைத்தல் ஆகாது.

கால்களின் அவசரத்துக்கு இவ்வாறு கடிவாளம் இட்டோம். ஆனால் வேறோர் அவசரமும் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் ஒரு குகைக் கல்வெட்டு உண்டு. “தமேட வணிஜ ககபதி விசாக” என்பவருடைய குகை என்று அது கூறுகிறது. தமிழ் வணிகரான இல்லத்தலைவர் விசாகர் என்பது பொருள். பிராகிருத மொழியில் எழுதப்பட்ட வாசகம். பௌத்த சங்கத்தார் வாழ்ந்த குகை. பெயருக்கு உரியவரோ தமிழ் வணிகர். இதனை வகுப்பில் வாசித்ததுமே ஒருவன் எழுந்து, “அப்படியானால் அந்த இடம் எங்களுடையது” என்றான். இன்னொருவன் மறுத்தான். குரல்கள் உயர்ந்தன. மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் மாணவி ஒருத்தி மட்டும் அமைதியாகக் கேட்டாள்: “அவர் இங்கே பிறந்தவரா, கப்பலில் வந்தவரா? கல்லில் அது இருக்கிறதா, சேர்?”

இல்லை. கல்லில் அது இல்லை.

நான் கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரைந்தேன். கல் சொல்வது, நாம் ஊகிப்பது, நாம் விரும்புவது. ஒவ்வொருவர் கூற்றையும் உரிய நிரலில் எழுதச் சொன்னேன். மூன்றாம் நிரல் விரைவில் நிரம்பிற்று; முதல் நிரலில் ஒரு வரியே இருந்தது. அடுத்த வாரம் தமிழ்நாட்டுத் திருப்பரங்குன்றத்துக் குகையை எடுத்துக்கொண்டோம். அங்கே தமிழ்ப் பிராமியில் எருகாடூர் ஈழ குடும்பிகன் போலாலையன் என்பவருடைய பெயர் உள்ளது. ஈழத்தைச் சேர்ந்த இல்லத்தலைவர் என அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் பொருள் கொண்டார். இங்கே ஒரு தமிழர் பெயரால் ஒரு குகை. அங்கே ஓர் ஈழத்தவர் செய்த கொடை. கடல் இடையே கிடக்கிறது. அதன் இருகரையிலும் துறவிகள் படுத்துறங்கிய கற்கள் கிடக்கின்றன. இந்த முறை எவரும் உரிமை கோர எழவில்லை. முதல் நிரலில் என்ன எழுதலாம் என்றே யோசித்தார்கள்.

நம் மாவட்டத்தில் பழைய கல் ஒன்று வெளிப்பட்டால், அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்குமுன், அது யாருடையது என்று கேட்கும் வழக்கம் நம் அனைவரிடமும் உண்டு. அவசரப்பட்டு உள்ளே தவழ்ந்த சிறுவனைப் போலவே அங்கும் நாம் மாட்டிக்கொள்கிறோம். அதிலிருந்து வெளிவர எனக்குத் தெரிந்த வழியும் அதே வழிதான்: முன்னுக்குத் தள்ளாமல், மூச்சை மெல்ல விட்டு, சற்றுப் பின்னுக்கு வருதல்.

2019 இல் மீண்டும் மிகிந்தலைக்குப் புறப்பட்டோம். சம்மதக் கடிதங்களை எண்ணியபோது, அந்தத் தாயாரின் கையொப்பமும் இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “பிள்ளைகளை எண்ணும் பொறுப்பை இவனுக்குக் கொடுங்கள்.” அவ்வாறே கொடுத்தேன். ஒவ்வொரு குகை வாயிலிலும் அவன் நின்று, புகுவோரை எண்ணினான், வெளிவருவோரை எண்ணினான். என்னையும் சேர்த்தே எண்ணினான்.

2020 இல் பெருந்தொற்றும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் எங்கள் பயணங்களைத் தடுத்தன. பின்னர் மீண்டும் தொடங்கினோம். அந்தச் சிறுவன் இப்போது பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டான். ஆயினும் எண்ணும் வழக்கம் கழகத்தில் நிலைத்துவிட்டது. வயதில் இளைய மாணவருக்கே அந்தப் பொறுப்பு ஆண்டுதோறும் அளிக்கப்படுகிறது.

ஆசிரிய நண்பர்களே, பெற்றார்களே, உங்கள் ஊருக்கு அண்மையிலும் ஒரு பாறை நிழல் இருக்கக்கூடும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அனுமதி பெற்று, விளக்குகளைச் சரிபார்த்து, எண்ணிச் செல்லுங்கள். வாயிலில் சற்று நின்று நிமிர்ந்து பாருங்கள். வரவிருப்பவருக்கென்று யாரோ ஒருவர் மழைநீரைத் தடுத்து ஒரு காடி வெட்டி வைத்திருப்பார்.