பொங்கலன்று பிறந்த நூலகம்

நாளைக்குக் குறுந்தொகை நடத்தவேண்டும்; பள்ளி நூலகத்துப் பிரதியோ யார் வீட்டிலோ இருக்கிறது. தமிழாசிரியர்களே, கவலை வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கியது ‘மதுரைத் திட்டம்’ என்னும் இணைய நூலகம். பெயர்தான் மதுரை, முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில்! பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். அவர்களுக்குக் கூலி கிடையாது, படிப்பவருக்குக் கட்டணம் கிடையாது.

அந்நூல்கள் பக்கப் படங்களாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் வேண்டிய பாட்டை மட்டும் எடுத்து, பதம் பிரித்து, வினாத்தாளில் சேர்க்கலாம். ‘குறிஞ்சி’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று மாணவர்களையே தேடச் சொல்லலாம். என்னைக் கேட்டால், மனப்பாடத்தைவிட அதில்தான் சுவை அதிகம். உரையும் வேண்டுமென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க நூல்கள் உரையோடு இலவசமாகவே கிடைக்கின்றன.