வி.எல்.எஸ்.ஐ பேப்பரில் 90 மார்க், ஒரு சர்க்யூட் கூட செஞ்சதில்லை!

(பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் சந்திப்பில் நமது மாணவர் அணி சார்பில் ஆற்றிய உரை)

ஞாயித்துக்கிழமையும் பஸ் பிடிச்சு வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு நன்றி.

நேரா விஷயத்துக்கு வர்றேன். வி.எல்.எஸ்.ஐ பாடம் படிச்சவங்க கை தூக்குங்க. பாதி அரங்கம் தூக்குது. சரி, சொந்தமா ஒரு டிசைன் எழுதி, லேஅவுட் வரைக்கும் கொண்டுபோனவங்க? நாலு கை. இந்த வித்தியாசத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம், தைவானின் பி.எஸ்.எம்.சி-யோடு சேர்ந்து சிப் ஆலை கட்டுகிறது. சனந்தில் மைக்ரான் இருக்கிறது. அசாமின் ஜாகிரோட்டில் பேக்கேஜிங் ஆலை வருகிறது. நம்ம மாநிலத்திலும் 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030-க்கு 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் இயந்திர உற்பத்திப் பூங்கா என்றும் சொன்னார்கள். வேலை வருது. அது பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடு நின்னுடுமா, திருவாரூர், தருமபுரி பிள்ளைக்கும் கிடைக்குமா?

இன்டர்வியூவில் ஃபார்முலா கேட்டா நம்ம பிள்ளைங்க மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. "உன் டிசைன் எங்க சொதப்புச்சு, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டால்தான் திணறல். செஞ்சிருந்தாத்தானே சொதப்பும்! சிமுலேஷனில் ஓடின சர்க்யூட், போர்டில் போட்டதும் நிற்கும். சிக்னல் ஒரு கிளாக் தாமதமா வந்திருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைத் தேடிப் பிடிக்கிறதுதான் இந்தத் தொழில்.

"லைசென்ஸ் விலை அதிகம், எங்க கல்லூரியில் சாஃப்ட்வேர் இல்லை" என்பீர்கள். நியாயம். ஆனால் 2020-ல் கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். யோசிஸ், ஓப்பன்ரோடு, மேஜிக், என்ஜிஸ்பைஸ் எல்லாமே இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். வெரிலாக் எழுதுவதில் தொடங்கி, ஆலைக்கு அனுப்பும் கோப்பு வரைக்கும் ஒரு சின்ன டிசைனை ஒரு செமஸ்டரில் முடிக்கலாம். அதற்கு முன்னாடி ஒரு எஃப்.பி.ஜி.ஏ போர்டில் ஓட்டிப் பாருங்க. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் பெரிய செலவு இல்லை.

நடக்குமான்னு சந்தேகப்படாதீங்க. சென்னை ஐ.ஐ.டி-யில் மாணவர்களும் சேர்ந்து உழைத்த 'சக்தி' பிராசஸர், 2018-லேயே மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் சிப்பாக வந்துவிட்டது. மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தின் இலக்கு 85,000 பேருக்குப் பயிற்சி. அதில் சேர்ந்த கல்லூரி மாணவர்களின் டிசைன்களும் மொகாலியில் சிப்பாகின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கும் அதிகமான பொறியியல் கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் இது வந்து சேரவில்லை என்பதே நம் குறை.

மெக்கானிக்கல், கெமிக்கல் தம்பிகள் "நமக்கு இதுல என்ன"ன்னு உட்கார்ந்திருக்கீங்க. சிப் ஆலையில் வேக்குவம் பம்பு, விஷவாயுக் குழாய், அதிசுத்தத் தண்ணீர் எல்லாம் யார் பார்ப்பது? பாலிடெக்னிக் தங்கைகளே, தலைமுடியை விட மெல்லிய கம்பியால் சிப்பை இணைக்கும் ஒயர் பாண்டிங் மெஷினுக்குப் பழகின கை வேணும். புத்தகத்தைப் படிச்சு அது வராது.

அதனால் அரசிடம் நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு கல்லூரியிலும் கிளீன் ரூம் கட்டச் சொல்லவில்லை, அது வீண் செலவு. மண்டலத்துக்கு ஒரு பொது ஆய்வகம் போதும். அங்கே சோதனைக் கருவியும் பாண்டிங் மெஷினும் இருக்கட்டும். சுற்றியுள்ள கல்லூரிகள் முறை வைத்து வரட்டும், பஸ் செலவை அரசே கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல டிசைன்களைப் பொறுக்கி, அரசுச் செலவில் சிப்பாக்கித் திரும்பக் கையில் கொடுக்கட்டும். லேப் எக்ஸாமில் ரெக்கார்டு நோட்டுக்குப் போடும் மார்க்கைக் குறைத்து, ஓடுகிற சர்க்யூட்டுக்குப் போடட்டும். இதைக் கோரிக்கை மனுவாக எழுதியிருக்கிறோம். வாசலில் இருக்கு, படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போடுங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா அதுலயே எழுதுங்க.

இப்போ உங்க கேள்விகள். பின்வரிசைத் தங்கைகள் முதல்ல கேளுங்கம்மா.